மாவுப்பூச்சியும் மனச்சான்றும்

தோட்டம் என்பது காணி நிலம் உள்ளவர்க்கே உரியது என்ற எண்ணம் திருப்பூர் வட்டாரத்தில் என்றோ பொய்த்துவிட்டது. மங்கலத்திலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக்கும் போய்வரும் குடும்பங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளைப் பாருங்கள். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, அடுத்த வீட்டோடு பங்கிட்டுக்கொள்ளும் ஒரு வாசல். அந்த வாசலின் ஓரத்தில் பழைய பெயிண்ட் வாளியிலோ அடி ஓட்டையான குடத்திலோ ஒரு துளசி, ஒரு செம்பருத்தி, கறிவேப்பிலைக் கன்று ஒன்று, ஜன்னல் கம்பியைப் பற்றி ஏறும் மணி பிளான்ட் ஒன்று. (சாயப்பட்டறையில் கழித்துவிடப்பட்ட நீல டிரம்மை அறுத்துத் தொட்டியாக்குவோரும் உண்டு. அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாதபோது, உண்ணும் கீரையை அதில் வளர்க்க வேண்டாம் என்பேன்.) சொந்த ஊரையும் காட்டையும் விட்டு வந்தவர்கள் மண்ணோடு வைத்திருக்கும் கடைசி உறவு பல வேளைகளில் அந்த ஒரு வாளி மண்தான்.

அந்தச் செடியில் ஒருநாள் பூச்சி விழுகிறது. இலைக்காம்பும் தண்டும் சேரும் இடத்தில் வெண்பஞ்சு ஒட்டியதுபோல ஏதோ தெரிகிறது. பஞ்சும் நூலும் பறக்கும் ஊரில் பஞ்சு ஒட்டுவது புதிதன்று என்று வீட்டார் அதனைப் பொருட்படுத்துவதில்லை. சில நாள் கழித்துக் குருத்து சுருள்கிறது. இலைமேல் பிசுபிசுப்பும், அதன்மேல் கரி பூசியது போன்ற கறுப்பும் படிகின்றன. எறும்புகள் சாரை சாரையாக ஏறுகின்றன. அப்போதுதான் அது பஞ்சு அன்று, உயிர் என்பது விளங்குகிறது. மாவுப்பூச்சி.

இந்த நிலையில் எழும் வினாக்கள் இரண்டு. இதற்கு என்ன மருந்து அடிப்பது என்பது முதலாவது. அதனை உரக்கடையில் கேட்பார்கள். இரண்டாவது வினாவைப் பெரும்பாலும் பெண்களும், மறைக்கல்வி வகுப்புக்கு வரும் சிறுவர்களும் பங்குத்தந்தையிடம் கேட்கிறார்கள்: "சாமி, இதைக் கொன்றால் பாவமா?" சிரித்துக்கொண்டே கேட்டாலும் அதனுள் ஓர் உண்மையான சங்கடம் இருக்கிறது. செடியும் உயிர், பூச்சியும் உயிர். ஒன்று வாழ வேண்டுமானால் மற்றொன்று சாக வேண்டும். எதன் பக்கம் நிற்பது என்பதை நாம் எந்த உரிமையில் முடிவு செய்கிறோம்? இந்த வினாவைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மேற்படிப்புக்காரர்கள் எழுப்பும் பல வினாக்களைவிட இது ஆழமானது.

கொங்கு நாட்டில் இவ்வினா இன்று பிறந்ததன்று. சமணம் ஒரு காலத்தில் இங்கே செழித்திருந்தது. ஈரோடு மாவட்டத்து விஜயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் இன்றும் நிற்கிறது. 'பெருங்கதை' இயற்றிய கொங்குவேளிரின் ஊர் அது என்பது மரபு. நடக்கும் வழியில் சிற்றுயிர் மிதிபடாதிருக்க மயிற்பீலியால் தரையை வருடிச் சென்ற துறவியரின் காலடி பட்ட மண் இது. நமது திரு அவையிலும் அத்தகைய நெஞ்சங்கள் உண்டு. அசிசியின் புனித பிரான்சிஸ் பாதையிற் கிடந்த புழுக்களை எடுத்து, யாரும் மிதிக்காத இடத்தில் விட்டார் என்று அவரது வரலாற்றை முதன்முதல் எழுதிய செலானோ நகர்த் தோமா குறிப்பிடுகிறார்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சமணத் துறவியர் உழுததில்லை. கலப்பை மண்ணைக் கிழிக்கும்போது சாகும் உயிர்களை எண்ணியே சமண நெறி உழவைத் தவிர்க்கச் சொன்னது. அது நேர்மையான நிலைப்பாடு. விதை ஊன்றியவன் பக்கம் சார்ந்துவிட்டான் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பெயிண்ட் வாளியில் ஒரு செம்பருத்திக் குச்சியை நட்ட அந்த நொடியிலேயே நாம் நடுநிலையை இழந்துவிட்டோம். இந்தச் செடி வாழட்டும் என்று சொல்லிவிட்டோம். தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் ஏதேன் தோட்டத்தில் வைக்கப்படுவது அதனைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும். பாதுகாப்பது என்றாலே எதனிடமிருந்தோ பாதுகாப்பது என்று பொருள் இருக்கிறதல்லவா?

புனித அகுஸ்தீன் இந்த இடத்தில் காட்டிய அடக்கம் என்னைக் குருமடக் காலத்திலிருந்தே கவர்ந்து வந்திருக்கிறது. தீய உயிர்களை நல்ல கடவுள் ஏன் படைத்தார் என்று மனிக்கேயர் கேலி பேசியபோது, எலியும் தவளையும் ஈயும் புழுவும் எதற்காகப் படைக்கப்பட்டன என்பது தமக்குத் தெரியவில்லை என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். ஆனால் ஒவ்வொன்றும் தன் வகையில் அழகானது என்பதும், நம் பாவங்களால் பல நமக்குப் பகையாகத் தோன்றுகின்றன என்பதும் அவர் சேர்த்துக்கொண்டவை. தொழில் தெரியாத ஒருவன் கைவினைஞனின் பட்டறைக்குள் நுழைந்தால் அங்குள்ள கருவிகளில் பலவற்றைத் தேவையற்றவை என்றே எண்ணுவான். ஏதேனும் ஒன்று அவன் கையைக் கிழித்துவிட்டால் தீயது என்றும் சொல்வான். கைவினைஞனோ அவனது அறியாமையைக் கண்டு நகைப்பான் என்பது அவர் தரும் உவமை. நிட்டிங் மெஷின் ஓடும் கூடத்தில் முதல்நாள் நுழைந்த எவருக்கும் இந்த உவமை விளங்கும். புனித தோமா அக்குவினாவோ இன்னும் நேரடியாகப் பேசுகிறார்: கீழ்நிலை உயிர்களை மனிதர் தம் தேவைக்குப் பயன்படுத்துவதும் அதற்காகக் கொல்வதும் குற்றமன்று. கூடவே, விலங்குகளிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான் என்று எச்சரிக்கிறார்.

இவ்வளவோடு விடை முடிந்துவிட்டதா? "பாவமன்று, போய் அடியுங்கள்" என்று சொல்லிவிடலாமா? சொல்லலாம்தான். ஆனால் 16-ஆம் நூற்றாண்டின் சவோய் நாட்டு மக்கள் அவ்வாறு எளிதாக முடிக்கவில்லை. 1587-இல் சேன் ஜூலியன் என்ற சிற்றூரின் திராட்சைக் கொடிகளைக் கூன்வண்டுகள் அழித்தபோது, ஊரார் ஆயரின் நீதிமன்றத்தில் வண்டுகள்மீது வழக்குத் தொடுத்தார்கள். வண்டுகளுக்கும் வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். மனிதனுக்கு முன்பே படைக்கப்பட்டு, பலுகிப் பெருகும்படி ஆசி பெற்று, பசும் பூண்டுகளை உணவாகப் பெற்ற உயிர்கள் இவை. இவை இலையைத் தின்பதில் குற்றம் ஏது என்று அவர் தொடக்கநூலைக் காட்டி வாதாடினார். வழக்கு பல மாதங்கள் நீண்டது. வண்டுகளுக்கெனத் தனியே ஒரு நிலத்தை ஒதுக்கித் தரவும் ஊரார் முன்வந்தார்கள். தீர்ப்பு என்ன என்பது இன்று யாருக்கும் தெரியாது. ஆவணத்தின் கடைசித் தாளை எலியோ பூச்சியோ தின்றுவிட்டது! நாம் சிரிக்கிறோம். ஆனால் கொல்வதற்கு முன் எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும் என்ற அவர்களது உள்ளுணர்வைச் சிரித்து ஒதுக்க முடியவில்லை. எதிர்த்தரப்பைக் கேளாமலே நாம் தீர்ப்பெழுதிய கதைகள் நம் ஊரிலேயே உண்டு.

சப்பாத்திக்கள்ளியின் கதை அவற்றுள் ஒன்று. அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய இக்கள்ளியின்மேல் வாழும் காச்சினீல் என்னும் சிறு பூச்சியை உலர்த்தி அரைத்தால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். ஸ்பானியரின் கையிலிருந்த அந்த வணிகத்தை உடைக்க எண்ணிய ஆங்கிலக் கம்பெனி, அப்பூச்சியை இந்தியாவில் வளர்க்க முயன்றது. சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அதற்கெனவே கள்ளித் தோட்டம் ஒன்று வளர்த்தார். 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது உயர்ந்த சாயம் தரும் பூச்சியன்று, அதன் உறவினம் ஒன்று. அது சாயத்துக்கு உதவவில்லை. ஏறிய கள்ளிவகையை மட்டும் உறிஞ்சி அழித்தது. அதன் திறனைக் கண்டவர்கள் 1836-க்குப் பின் கள்ளியை ஒழிப்பதற்கென்றே அதனைத் தென்னாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆயினும் வேறொரு கள்ளிவகை காடுகரைகளையெல்லாம் விழுங்கிக்கொண்டுதான் இருந்தது. 1926-இல் அதே குடும்பத்து மற்றொரு பூச்சி வரவழைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் புதர் புதராக நின்ற கள்ளி சரிந்தது. இந்தப் பூச்சிகள் எப்படியிருக்கும்? வெண்பஞ்சு ஒட்டியதுபோலவே இருக்கும். மாவுப்பூச்சிக்கு நெருங்கிய சொந்தம். நம் பாட்டனார் காலத்து உழவர்க்கு அந்த வெண்பஞ்சு வரமாக இருந்தது.

அவர்களுடைய பேரன்மாருக்கு அதே வெண்பஞ்சு சாபமாயிற்று. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளிச் செடிகளில் ஒரு புதிய மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் தாயகம். அங்கே அதனைக் கட்டுக்குள் வைத்திருந்த இயற்கைப் பகைவர்கள் எதுவும் அதனோடு கப்பலேறி வரவில்லை. ஓரிரு ஆண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் பப்பாளி, மரவள்ளி, பருத்தி, மல்பெரி எல்லாம் வெளுத்தன. உடுமலைப் பக்கத்துப் பட்டு வளர்ப்போர் மல்பெரித் தோட்டங்களைப் பிடுங்கி எறிந்தார்கள். புழுவுக்கு இலை வேண்டும், விஷம் தெளித்த இலையைப் புழு தின்னாது என்ற இரண்டுக்கும் நடுவில் அவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். ஊர்த் தெருக்களில் வேலியோரச் செம்பருத்தியெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் நின்றதை இங்குள்ள பலர் இன்றும் நினைவுகூர்வர். அடித்த மருந்துக்கு அது அஞ்சவில்லை. உடல்மேல் மெழுகுப் பொடி. முட்டைகளோ பஞ்சுப் பையினுள் நூற்றுக்கணக்கில். மருந்து கொன்றது பெரும்பாலும் அதனைத் தின்ன வந்த வண்டுகளைத்தான்.

பிறகு நடந்ததை விவிலியத்து நிகழ்ச்சிபோலச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அது அறிவியல். 2010-இல் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் ஆய்வு நிறுவனம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. 'அசெரோபேகஸ் பப்பாயே' என்பது அவற்றுள் சிறந்தது. குளவி என்றதும் நம் வீட்டுக் கூரையில் கூடு கட்டுவதை நினைக்க வேண்டாம். இது ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட இராது. பெண் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே அதனைத் தின்று, காய்ந்த கூட்டில் துளையிட்டு வெளிவரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அவற்றைப் பெருக்கி ஊர் ஊராக விட்டன. அடுத்த ஆண்டுக்குள் வெண்மை வடிந்தது. மாவுப்பூச்சி முற்றாக அழியவில்லை. அழியவும் கூடாது, அழிந்தால் குளவியும் அழிந்துவிடும். ஒன்றோடொன்று அளவு கண்டு வாழப் பழகின.

இதிலும் கொலைதான் நடந்தது. அதுவும் கொடூரமான கொலை. உயிரோடு உள்ளிருந்து தின்னப்படுவதைச் சாந்தமான வழி என்று யார் சொல்ல முடியும்? இப்படிப்பட்ட குளவிகளைக் கண்டு சார்லஸ் டார்வின் நல்ல கடவுளைப் பற்றிய நம்பிக்கையில் தடுமாறினார் என்பது அவரது மடலிலிருந்து நாம் அறிந்ததே. அந்தத் தடுமாற்றத்துக்கு எனக்கு எளிய மறுமொழி இல்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. விஷத் தெளிப்பில் நாம் தனியே நின்று, நமக்கு வேண்டாத எல்லாவற்றையும் துடைத்தெறிய முயல்கிறோம். குளவியை விடும்போதோ நம்மினும் பெரியதோர் ஒழுங்கில் நமக்குரிய சிறு இடத்தை ஏற்கிறோம். இரண்டும் கொலையே ஆயினும் இரண்டும் ஒரே செயலன்று.

வாளிச் செடிக்குத் திரும்புவோம். புதிதாகச் செடி வளர்ப்பவர்க்கு நேரும் இடர்களுள் பெரியது, அவசரம். மாவுப்பூச்சியைத் தின்று வாழும் 'கிரிப்டோலீமஸ்' என்ற பொறிவண்டு ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் புழு பார்ப்பதற்கு அச்சு அசலாக மாவுப்பூச்சிதான். அதே வெள்ளை மெழுகு இழைகள். சற்றுப் பெரிதாக இருக்கும், விரைந்து நடக்கும், அவ்வளவே வேறுபாடு. பூச்சி என்று பதறி நசுக்குகிறவர், தமக்குத் துணையாக வந்ததையே நசுக்குகிறார். மத்தேயு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் வரும் களைகளின் உவமையை நான் இந்த வெளிச்சத்தில்தான் வாசிக்கிறேன். அந்த நாட்டுக் களை, கதிர் விடும்வரை கோதுமையைப் போலவே தோன்றும். பிடுங்க விரைந்த ஊழியரைத் தலைவர் தடுத்ததற்குக் காரணம் களைமேல் கொண்ட இரக்கமன்று. அவர்களது கண்மேல் கொண்ட ஐயம்.

ஆகவே பூச்சி விழுந்த செடியின்முன் முதலில் செய்யத்தக்கது பார்ப்பது. இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பூச்சிகள் அங்குதான் குடியிருக்கும். தளிரில் பச்சையாகவோ கறுப்பாகவோ மொய்ப்பது அசுவினி. தொட்டதும் பொடிபோல் வெண்மையாய்ப் பறப்பது வெள்ளை ஈ. தண்டில் தேமல்போல் ஒட்டி, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்துவருவது செதிற்பூச்சி. இலை புள்ளி புள்ளியாய் வெளிறி, நுண்ணிய நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். வறண்ட வெயிற்காலத்தில் அது மிகும். பிறகு அந்தச் செடியைப் பிற செடிகளிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும். அசுவினிக்குப் பல வேளைகளில் வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரே போதும். மாவுப்பூச்சியைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாய்த் துடைத்தெடுக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும், அது கலப்பதற்குச் சிறிது சோப்புக் கரைசலும் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். முதலில் ஓரிரு இலையில் தெளித்து, கருகவில்லை என்று கண்டபின் மற்றவற்றுக்கு. ஒருமுறை செய்துவிட்டு ஓய்ந்துவிட்டால் பயனில்லை. முட்டையைத் துடைப்பும் தெளிப்பும் எட்டுவதில்லை. அது பொரிந்து வருவதற்குள், வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு வாரம் தொடர வேண்டும்.

எறும்பை மறக்கலாகாது. பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதனைக் கறவை மாடுபோல் காவல் காக்கிறது, பொறிவண்டை விரட்டுகிறது. தொட்டியை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே கல்மேல் வைத்தால், எறும்பின் வழி அடைபடும், பாதி வேலை முடிந்துவிடும். இன்னொன்று: செடி மேல் உள்ள ஆசையால் யூரியாவை அள்ளிப் போடுகிறவர்களுக்குத்தான் அசுவினி முதலில் வரும். மிகையான தழைச்சத்தில் பிறந்த மெல்லிய தளிர் அதற்கு விருந்து. பிள்ளை வளர்ப்புக்கும் இதனைப் பொருத்திப் பேசலாம். அது வேறு கட்டுரை.

இத்தனை தொல்லை எதற்கு, பருத்திக்கு அடிக்கும் மருந்தில் ஒரு மூடி கலந்து அடித்தால் ஒரே நாளில் முடியுமே என்பார்கள். ஊரில் மீதமிருந்த பாட்டிலைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து, சமையற்கட்டின் பரண்மேல் வைத்திருக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். பூச்சியைக் கொல்வது பாவமா என்ற வினாவுக்கு இலேசாக விடை சொன்ன நான், இங்கே இலேசாகப் பேச மாட்டேன். நம் மொழியில் நஞ்சுக்கு 'மருந்து' என்று பெயர் வைத்துவிட்டோம். பூச்சிமருந்து, களைமருந்து, எலிமருந்து. நோயாளிக்குத் தருவதும் அதே சொல்தான். ஆனால் கொங்கு நாட்டில் "அவன் மருந்தைக் குடித்துவிட்டான்" என்று யாராவது ஓடிவந்து சொன்னால், எந்த மருந்து என்று எவரும் கேட்பதில்லை. அத்தகைய அடக்கச் சடங்குகளைச் செய்யாத பங்குத்தந்தை இந்த வட்டாரத்தில் இருப்பாரா என்று தெரியவில்லை. இறந்தவர்களுள் பலர் சாக வேண்டும் என்று நெடுநாள் எண்ணியவர்கள் அல்லர். கடன்காரன் வந்த ஒரு மாலை, கணவன் கைநீட்டிய ஓர் இரவு, மதிப்பெண் வந்த ஒரு காலை. அந்த ஒருமணி நேரத்தில் கைக்கெட்டும் தொலைவில் பாட்டில் இருந்தது.

இது என் கற்பனையன்று. இலங்கையில் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகள் 1995-இல் விலக்கப்பட்டன. 1998-இல் எண்டோசல்பானும் விலக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் அந்நாட்டில் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மக்களின் துயரம் பாதியாகிவிடவில்லை. போர் நடந்துகொண்டுதான் இருந்தது. நஞ்சு கைக்கெட்டாத தொலைவுக்குப் போயிற்று, அவ்வளவே. நம் நாட்டில் கேரளத்துக் காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் வானிலிருந்து தெளிக்கப்பட்ட அதே எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. 1984 டிசம்பரில் போபாலில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற ஆலையும் பூச்சிக்கொல்லி ஆலைதான். அங்கே கசிந்த வாயு, தோட்டப் பூச்சிகளைக் கொல்லும் பொடி ஒன்றைச் செய்வதற்கான இடைப்பொருள். ஒரு செம்பருத்திக்காக அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை நம் பரண்மேல் தொங்கவிட வேண்டாம். அருள்கூர்ந்து, இவ்வரிகளைப் படித்தபின் பரணைப் பாருங்கள். வாங்கிய கடையிலோ வேளாண்மை அலுவலகத்திலோ கேட்டு, முறைப்படி அப்புறப்படுத்துங்கள், நொய்யலில் ஊற்றிவிடாதீர்கள். அந்த ஆறு நம்மால் பட்டது போதும்.

செடி, பூச்சி, மனிதன் ஆகிய மூவரும் ஒரே மேடையில் தோன்றும் விவிலியப் பகுதி ஒன்று உண்டு. யோனா நூலின் நான்காம் அதிகாரம். நினிவே அழியவில்லையே என்ற சினத்தோடு நகருக்கு வெளியே அமர்ந்திருக்கும் இறைவாக்கினருக்குக் கடவுள் ஒரு செடியை முளைப்பித்து நிழல் தருகிறார். மறுநாள் வைகறையில் அதே கடவுள் ஒரு புழுவை அனுப்புகிறார், செடி வாடுகிறது. யோனா சாக விரும்புகிறார். அந்தச் செடி எது என்பதிலேகூடப் பழங்காலத்தில் பெரும் சச்சரவு உண்டாயிற்று. பழைய மொழிபெயர்ப்பில் சுரைக்கொடி என்றிருந்ததைப் புனித எரோணிமுஸ் வேறொரு கொடியாக மாற்றிவிட, வட ஆப்பிரிக்காவின் ஓயா நகரில் ஆயர் அதனை வாசித்ததும் கோயிலுக்குள்ளேயே கலகம் மூண்டது என்று அகுஸ்தீன் அவருக்கு மடல் எழுதினார். நம் தமிழ் விவிலியம் ஆமணக்கு என்கிறது. கொங்கு உழவருக்கு ஆமணக்கும் புதிதன்று, அதனை ஓரிரவில் ஈர்க்கு ஈர்க்காக்கும் காவடிப்புழுவும் புதிதன்று.

இந்தப் பகுதியில் என்னைத் திகைக்க வைப்பது, புழுவும் இறைவனின் ஊழியன் என்பதே. செடியை வளர்த்தவரும் புழுவை ஏவியவரும் ஒருவரே. யோனாவின் இரக்கத்தைக் கடவுள் இகழவில்லை. தாம் நட்டு வளர்க்காத செடிக்காக அவர் வருந்துவதையே பற்றுக்கோடாகக் கொண்டு, ஒரு மாநகரின் பக்கம் அவரது கண்ணைத் திருப்புகிறார். வலக்கை இடக்கை வேறுபாடு அறியாத இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களும், அவர்களோடு கால்நடைகளும் அங்கே இருக்கின்றனவே என்கிறார். யோனாவுக்கு நினிவே மக்கள் அழிக்கத்தக்க பூச்சிகளாகத் தெரிந்தார்கள். கடவுளுக்கு அவர்கள் மக்களாகவே தெரிந்தார்கள்.

பூச்சி என்ற சொல்லை மனிதர்மேல் ஏற்றுவது எவ்வளவு எளிதென்பதைக் கடந்த நூற்றாண்டு காட்டியது. ஜெர்மனியில் பேனையும் கிடங்குப் பூச்சிகளையும் கொல்வதற்காக உருவாக்கப்பட்டது 'சைக்ளோன் பி' என்ற நஞ்சு. யூதரை ஒட்டுண்ணிகள் என்று ஆண்டுக்கணக்கில் பேசியும் எழுதியும் பழகியபின், அதே நஞ்சு அவுஷ்விட்ஸ் முகாமின் கூடங்களில் மனிதர்மேல் திறக்கப்பட்டது. 1942 ஆகஸ்டில் புனித எடித் ஸ்டைன் அம்முகாமில் கொல்லப்பட்டார். 1994-இல் ருவாண்டாவில் வானொலி துட்சி மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்றே அழைத்தது. அது பெரும்பாலும் கிறிஸ்தவ நாடு. கொலைகள் பல கோயில்களுக்குள்ளேயே நடந்தன. கொலைக்கருவியை எடுப்பதற்கு முன்பே சொல் தன் வேலையை முடித்திருந்தது.

நம் ஊரை இவற்றோடு ஒப்பிட நான் துணியவில்லை. ஆயினும் தேநீர்க் கடைகளில் செவிகொடுத்தால், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் தறிகளையும் தையல் எந்திரங்களையும் ஓட்டும் இளைஞரைப் பற்றிப் பேசும்போது "ஈசல்போல் வந்து மொய்த்துவிட்டார்கள்" என்ற பேச்சு காதில் விழாமலில்லை. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது, அச்சத்தால் பலர் மூட்டை கட்டினார்கள். காணொளிகள் பொய் என்பது உறுதியாயிற்று. ஆனால் அவர்கள் அதனை நம்பக்கூடிய அளவுக்கு நம்மிடையே அந்நியராக வாழ்ந்தார்கள் என்பது பொய்யன்று. அவர்களது லைன் வீட்டு வாசலிலும் பெயிண்ட் வாளியில் துளசி இருக்கிறது. அதிலும் மாவுப்பூச்சி விழுகிறது. பொறிவண்டின் புழுவையே பூச்சியினின்று பிரித்தறிய இத்தனை பொறுமை வேண்டியிருக்கிறது. மனிதரைப் பொறுத்தமட்டிலோ அந்தப் பிரிப்புக்கே இடமில்லை. களைகளின் உவமையில் அறுவடைவரை காத்திருக்கச் சொல்லப்பட்டது நமக்கு. அறுவடை நம்மிடம் ஒப்படைக்கப்படவில்லை.

சிறுவர் கேட்ட வினாவில் இன்னும் ஒரு மூலை மிச்சமிருக்கிறது. எவ்வளவு துடைத்தும் தேறாத செடியை என்ன செய்வது? லூக்கா நற்செய்தியில் கனி தராத அத்திமரத்துக்காகத் தோட்டத் தொழிலாளர் ஓராண்டு தவணை கேட்கிறார். சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்கிறார். அதன்பிறகும் பலனில்லையானால் வெட்டிவிடலாம் என்பதையும் அவரே சொல்கிறார். தவணைக்கு எல்லை உண்டு. தண்டெல்லாம் வெளுத்து, வேரிலும் பூச்சி ஏறிய செடியை வைத்துக்கொண்டிருப்பது அடுத்த வீட்டுச் செடிகளுக்குச் செய்யும் தீங்கு. அதனைப் பிடுங்கித் தெருவோரத்தில் எறியாமல், பையில் இட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். காற்றும் எறும்பும் குஞ்சுகளைச் சுமந்து செல்லும். மண்ணை மெல்லிய படலமாகப் பரப்பி நல்ல வெயிலில் இரண்டு வாரம் காயவிடலாம். வாளியைச் சோப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைக்கலாம். புதிய குச்சியைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குவதாயிருந்தால், வாங்கும்போதே இலையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். நட்டபின் முதல் இரண்டு வாரம் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் தனியே வையுங்கள்.